மாதம் எழுபத்தைந்து ரூபாய்

கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலையில் நண்பரின் உறவுக்காரப் பெண். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, கடைசி வருஷம். அப்பா பாபநாசம் பக்கம் மூன்று மா குத்தகை நிலத்தில் நெல் போடுகிறவர். பேச்சுக்குக் கேட்டேன்.

"இன்டர்ன்ஷிப் எங்கேம்மா பண்ணினே?"

"சென்னையில ஒரு லேப்ல இடம் கெடச்சுது சார். ஒரு மாசம். சம்பளம் கெடையாதுன்னாங்க. சரின்னு பார்த்தா, நாமதான் அவங்களுக்கு ட்ரெயினிங் ஃபீஸ் கட்டணுமாம். ஹாஸ்டல், சாப்பாடு வேற. அப்பாகிட்ட எப்படிக் கேக்கறது?"

"அப்புறம்?"

"இங்கேயே ஒரு சென்டர்ல ஐந்நூறு ரூபா கொடுத்தேன். சர்டிஃபிகேட் கொடுத்துட்டாங்க. காலேஜ்ல ஒத்துக்கிட்டாங்க."

ரசத்துக்குச் சாதத்தைக் குழித்துக்கொண்டே சிரித்தாள். எனக்குத்தான் அதற்கப்புறம் சாப்பாடு இறங்கவில்லை.

இந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள். பயிற்சி கட்டாயம் என்று பாடத்திட்டத்தில் எழுதிவிட்டு, அந்த ஒரு மாதம் அவள் எங்கே தங்குவாள், என்ன சாப்பிடுவாள் என்று யோசிக்காமல் விட்டவர்களைக் கேளுங்கள். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் என்பது திறமைக்கு வைக்கிற பரீட்சையே இல்லை. அப்பாவின் பர்ஸுக்கு வைக்கிற பரீட்சை.

சாப்பிட்டுவிட்டு சாரங்கபாணி சன்னதித் தெருவுக்கு நடந்தேன். கணிதமேதை ராமானுஜன் வாழ்ந்த சின்ன ஓட்டு வீடு அங்கே இருக்கிறது. இப்போது சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதை நினைவிடமாகப் பராமரிக்கிறது. அவர் கதை உங்களுக்குத் தெரியும். ஆனால் அதில் வரும் பணக்கணக்கை யாரும் கவனிப்பதில்லை. 1904-இல் கும்பகோணம் அரசு கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்தார். கணக்கிலேயே மூழ்கி மற்ற பாடங்களைக் கோட்டை விட்டதில் அது பறிபோனது. படிப்பும் நின்றது. பிறகு நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் சொந்தப் பையிலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் குமாஸ்தா வேலை. 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம்கூட இல்லாத அந்த குமாஸ்தாவுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. நிபந்தனை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை தரவேண்டும் என்பது.

அந்த 75 ரூபாய் மூளையை வாங்கவில்லை. மூளை ஏற்கெனவே இருந்தது. அது வாங்கியது நேரத்தை. உதவித்தொகை என்பதன் முழு அர்த்தமும் அவ்வளவுதான்.

இப்போதைய நிலைமைக்கு வருவோம். 2024 பட்ஜெட்டில் மத்திய அரசு பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தை அறிவித்தது. ஐந்து வருஷத்தில் ஒரு கோடி இளைஞர்கள், 500 பெரிய கம்பெனிகள், பன்னிரண்டு மாதப் பயிற்சி, மாதம் 5,000 ரூபாய். கற்றுக்கொள்கிறவனுக்கும் வயிறு உண்டு என்று ஓர் அரசாங்கம் ஒப்புக்கொண்டதே பெரிசு. பாராட்டுகிறேன்.

ஆனால் முதல் சுற்றில் நடந்ததைப் பாருங்கள். காட்டிய இடங்கள் 1.27 லட்சம். போன அழைப்புகள் 82,000. ஒப்புக்கொண்டவர்கள் 28,000 சொச்சம். கடைசியில் போய்ச் சேர்ந்தவர்கள் 8,700 சொச்சம். இடம், வேலையின் தன்மை, பயிற்சியின் நீளம் என்று அரசே காரணம் சொன்னது. திருத்துறைப்பூண்டிப் பையன் ஐயாயிரத்தை வைத்துக்கொண்டு சென்னையில் ரூம் வாடகையும் மெஸ் பில்லும் எப்படிக் கட்டுவான்? இன்னொரு கூத்து, அறிவித்தபோது இருந்த விதிப்படி, முழுநேரமாகக் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அதில் இடமே இல்லை. நம் கெமிஸ்ட்ரிப் பெண் வாசலிலேயே அவுட்.

இத்தனைக்கும் நல்ல முன்மாதிரி தஞ்சாவூரிலேயே இருக்கிறது. தஞ்சை மருத்துவக் கல்லூரி ஹவுஸ் சர்ஜன்களுக்கு ஸ்டைபண்ட் உண்டு. அதை யாரும் தர்மம் என்று சொல்வதில்லை. ஈச்சங்கோட்டை வேளாண்மைக் கல்லூரி மாணவர்கள் கடைசி வருஷத்தில் கிராமத்தில் தங்கி, வயலில் இறங்கிக் கற்றுக்கொள்கிறார்கள். அந்தக் கிராமப் பயிற்சிக்கும் மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. டாக்டருக்கு உண்டு, அக்ரி படிப்பவருக்கு உண்டு. பி.எஸ்ஸி., பி.காம்., பி.ஏ. தமிழ் படிப்பவருக்கு மட்டும் ஏன் கிடையாது?

எங்கே அனுப்புவது என்கிறீர்களா? வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரத்திலேயே இடங்கள் இருக்கின்றன. 1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம். 1967-இல் திருவாரூர் கூட்டுறவு அரிசி ஆலையில் சின்ன ஆய்வுக்கூடமாகப் பிறந்து, இன்று தஞ்சையில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்திருப்பது. ஓலைச்சுவடி படிக்க சரஸ்வதி மஹால். கணக்குப் பழக கூட்டுறவு வங்கிகள். அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டையை எடுக்க மாட்டார்கள். மழை வருஷத்தில் அந்த ஒரு எண்ணுக்காக விவசாயி நாள்கணக்கில் சாலையோரம் நெல்லைக் காயவைத்துக்கொண்டு கிடக்கிறார். அந்த எண்ணை ஒரு மிஷின் எப்படிக் கண்டுபிடிக்கிறது, எவ்வளவு பிசகும் என்று அறிந்துகொள்ள கெமிஸ்ட்ரி மாணவிக்கு இதைவிட நல்ல லேப் எது? அவள் அப்பாவின் நெல்லும் அங்கேதான் வருகிறது.

செலவு? ஆயிரம் மாணவர்கள், இரண்டு மாதம், மாதம் ஐயாயிரம். பெருக்கினால் ஒரு கோடி. பட்டதாரி அப்ரன்டிஸ்களுக்குச் செய்வதுபோல அரசு பாதி, வேலை கொடுப்பவர் பாதி என்று பிரித்துக்கொள்ளலாம். சென்னையில் ரூம் வாடகையோடு கரைந்துபோகிற ஐயாயிரம், ராத்திரி வீட்டுச் சாப்பாடு என்றால் தாராளம்.

"சொல்லியும் கொடுத்து, காசும் கொடுக்கணுமா?" என்று ஒரு மில் முதலாளி கேட்பார். குருகுலத்தில் குருதான் சோறு போட்டார் ஐயா. சீடன் டிபன் பாக்ஸோடு வரவில்லை. எதிர்ப்பக்கத்து ஆட்சேபம்தான் நியாயமானது. இன்டர்ன் என்ற பெயரில் மலிவாக ஆள் பிடித்து, கொள்முதல் நிலையத்துப் பருவகால ஊழியரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது அது. அதற்குத்தான் விதி வேண்டும். நேரத்துக்கு வரம்பு, பொறுப்பாக ஒரு வழிகாட்டி, மாதம் ஓர் அறிக்கை. 1913-இல் ராமானுஜனிடமே அறிக்கை கேட்டார்களே! காசு கொடுக்கிறவன் கணக்குக் கேட்பான். கணக்குக் கேட்டால் ஐந்நூறு ரூபாய் சர்டிஃபிகேட் கடைகள் தானாக மூடிக்கொள்ளும்.

அரசாங்கம் விழித்துக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டாம். இதைப் படிப்பவர்களில் ரைஸ் மில் வைத்திருப்பவர், ஆடிட்டர், லேப் நடத்துகிறவர் இருப்பீர்கள். வருகிற கோடையில் பக்கத்துக் கல்லூரியிலிருந்து ஒரே ஒரு மாணவரை அழையுங்கள். நிஜ வேலை கொடுங்கள். மாதக் கடைசியில் ஒரு கவர் கொடுங்கள். நெல்லூர் கலெக்டர் ஆரம்பித்தது 25 ரூபாயில்தான்.