பிழைத்திருத்தத்தில் இடம்பெறாத பிழை

பெஞ்சமின் பிராங்ளின் எழுதிய தன்வரலாற்றை இளைஞர் கையில் கொடுத்து, "இவரைப் போல் உழை, உயர்வாய்" என்று அறிவுரை கூறுவது ஆசிரியர்களின் வழக்கம். வகுப்பறையில் நாமும் கூறியதுண்டு. கூறியது தவறன்று. கூறாமல் விட்டது ஒன்று உண்டு. அதை அந்த நூலும் கூறவில்லை.

1706இல் பாஸ்டன் நகரில், மெழுகுவத்தியும் சவர்க்காரமும் காய்ச்சி விற்றவரின் 17 மக்களுள் 15ஆவதாகப் பிறந்தவர் பிராங்ளின். பள்ளியில் பயின்றது இரண்டே ஆண்டுகள். 12 வயதில், அண்ணன் ஜேம்சின் அச்சகத்தில் தொழில் பயில ஒப்பந்தத்தால் கட்டுண்டார். அண்ணனின் அடி பொறுக்காது 1723இல் கட்டை அறுத்துக்கொண்டு ஓடினார். பிலடெல்பியாவில் அச்சகம் கண்டார், ஏடு நடத்தினார், 1731இல் நூலகம் அமைத்தார்.

மின்னலும் மின்சாரமே என்று 1752இல் ஆராய்ந்து காட்டினார். வீட்டைக் காக்க இடிதாங்கி தந்தார். அந்தக் கம்பிகள் மின்சாரத்தை மண்ணில் சேர்த்ததே நிலநடுக்கத்துக்குக் காரணமாகலாம், ஆண்டவன் கையிலிருந்து தப்ப வழியில்லை என்று 1755இல் தாமஸ் பிரின்ஸ் என்ற பாதிரியார் எச்சரித்தார். மடமை முணுமுணுத்தது, கம்பி நிலைத்தது! 1776இல் விடுதலை அறிக்கை, 1783இல் பிரிட்டனுடன் அமைதி உடன்படிக்கை, 1787இல் அரசியல் சட்டம் ஆகிய மூன்றிலும் அவர் கையெழுத்து இருக்கிறது.

இத்தகையவர் 1771இல் தன்வரலாற்றை எழுதத் தொடங்கினார். தம் குற்றங்களை, அச்சுத் தொழிலாளிக்கே உரிய சொல்லால், அச்சுப்பிழைகள் என்று அழைத்து ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்கிறார். அண்ணனை விட்டு ஓடியது ஒரு பிழை. நம்பி ஒப்படைத்த பணத்தைச் செலவழித்தது ஒரு பிழை. வாக்களித்த பெண்ணை மறந்தது ஒரு பிழை. அண்ணனின் கொடுமைதான் ஆதிக்கத்தின்மீது தமக்கு வாழ்நாள் வெறுப்பை ஊட்டியிருக்கலாம் என்றும் எழுதுகிறார். நேர்மையான எழுத்து, நெஞ்சைத் தொடும் எழுத்து.

ஆனால் நாம் கேட்கிறோம்: அவர் நடத்திய 'பென்சில்வேனியா கெசட்' ஏட்டில் அடிமைகள் விற்பனைக்கு என்று விளம்பரங்கள் வந்தனவே, அது எந்தப் பிழை? தப்பியோடிய அடிமையைப் பிடித்துத் தருவோர்க்குப் பரிசு என்ற அறிவிப்புகளும் வந்தனவே! ஓடிவந்தவர் நடத்திய ஏட்டில், ஓடியவர்களைப் பிடிக்க வலை! அவர் வீட்டிலும் அடிமைகள் இருந்தனர். 1757இல் அவரும் மகன் வில்லியமும் லண்டனுக்கு அழைத்துச் சென்ற இருவரில் ஒருவர் பெயர் கிங். பெயரில் மட்டுமே அரசர்! அவரும் ஓடினார். சபோக் பகுதியில் ஒரு சீமாட்டியிடம் அவர் வேலை செய்வதும், அந்த அம்மையார் அவருக்கு எழுதப் படிக்கக் கற்பிப்பதும் பிறகு தெரியவந்தன. பிராங்ளினின் ஓட்டம் உலகம் படிக்கும் காவியமாயிற்று. கிங்கின் ஓட்டம் தன்வரலாற்றில் ஒரு வரிகூடப் பெறவில்லை.

"காலம் அப்படி" என்பர் சிலர். அதே காலத்தில்தான், அடிமை வைத்திருப்போரைச் சாடி பெஞ்சமின் லே நூல் எழுதினார். 1737இல் அதை அச்சிட்டவர் யார்? பிராங்ளினே! அச்சிட்டவர் பெயரை மட்டும் அந்நூலில் போடவில்லை. உண்மை அவர் அச்சகத்துக்குள்ளேயே எழுத்துக் கோக்கப்பட்டது. உள்ளத்தில் ஏற நெடுங்காலம் ஆயிற்று.

ஏறியது என்பதையும் மறைக்க மாட்டோம். 1787இல் அவர் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புக் கழகத்தின் தலைவரானார். 1790 பிப்ரவரியில், அடிமை முறைக்கு எதிரான விண்ணப்பத்தில் கையெழுத்திட்டு அமெரிக்கக் காங்கிரசுக்கு அனுப்பினார். அடிமைகளை விடுவிக்கும் அதிகாரம் தனக்கில்லை என்றது அவை. ஜார்ஜியாவின் ஜேம்ஸ் ஜாக்சன் அடிமை முறைக்கு வக்காலத்து வாங்கினார். 84 வயதுக் கிழவர் படுக்கையிலிருந்து எழுதினார்: கிறித்தவர்களை அடிமைகளாக்குவதே நியாயம் என்று அல்ஜீரியர் ஒருவர் பேசுவதாகக் கற்பனை செய்து, ஜாக்சனின் வாதத்தையே அவர் வாயில் வைத்து நகையாடினார். அடுத்த மாதம், ஏப்ரல் 17இல், மறைந்தார். அடிமை முறை ஒழிய 1865 வரை ஆயிற்று.

அந்த இறுதி ஆண்டுகளிலும் அவர் தன்வரலாற்றை எழுதிக்கொண்டுதான் இருந்தார். கை விண்ணப்பத்தில் கையெழுத்திட்டது. பிழைப் பட்டியலில் ஒரு வரி சேர்க்கவில்லை. இதுவே அந்த நூலின் குறை.

அதற்காக நூலைத் தூக்கி எறிய வேண்டா. அதன் ஆசிரியருக்குக் கோயிலும் கட்ட வேண்டா. அவர் எழுதாமல் விட்ட பிழையை நாம் ஓரத்தில் எழுதிவைத்து, மாணவர்க்கு முழு வரலாற்றையும் படித்துக் காட்டுவோம். அறிவைப் போற்றியவர்க்கு நாம் செய்யத்தக்க மரியாதை அதுதான்.