நாற்பது பிரேமில் ஒரு பிரயாணம்

விநாடிக்கு 144 தடவை படத்தைப் புதுப்பிக்கும் திரையோடு கூடிய கணினி ஒன்று என் மேஜையைப் பல வருஷங்களாக ஆண்டுகொண்டிருக்க, அதற்குப் பங்காளியாகப் பின்னால் வந்து சேர்ந்தது வால்வ் கம்பெனியின் ஸ்டீம் டெக் ஓஎல்இடி என்ற கைக்கருவி. இதை அந்தக் கம்பெனி இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த மைத்துனர், பெட்டியில் துணிகளுக்கு நடுவே பச்சைக் குழந்தையைப்போல் சுற்றி எடுத்து வந்தார். 2023 நவம்பரில் வெளியானபோது இதன் 512 ஜிபி ரகத்துக்கு விலை 549 டாலர். கையோடு கொண்டு போகும் சௌகரியம் பெரிதா, படம் வழுக்கிக்கொண்டு ஓடும் சுகம் பெரிதா என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம், நான் இதை எடுத்துக்கொண்டு வைகை எக்ஸ்பிரஸில் மதுரைக்குப் போன கதையைத்தான் சொல்லுகிறேன். மேஜையருகே உட்கார்ந்துகொண்டு விடை காணக்கூடிய கேள்வி அல்ல அது.

முதல் நாள் இரவு மேஜைக் கணினியில் எல்டன் ரிங் என்ற விளையாட்டை ஆடி, லிம்கிரேவ் என்ற புல்வெளியில் நிறுத்தியிருந்தேன். வீட்டைவிட்டுக் கிளம்புமுன் வைஃபையில் ஒரு தரம் கருவியைத் திறந்துவைத்ததால், விட்ட இடம் மாறாமல் ஆட்டம் அதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. எழும்பூரில் வண்டி நகர்ந்ததும், அந்தப் புல்வெளியில் தங்கக் கவசம் பூண்டு குதிரைமேல் உலாவரும் ட்ரீ சென்டினல் என்ற வீரனை எதிர்கொண்டேன். எவ்வளவு வல்லமையுள்ள கணினியானாலும் இந்த விளையாட்டு விநாடிக்கு 60 பிரேமுக்குமேல், அதாவது 60 படத்துக்குமேல், தருவதில்லை என்பதும், வீட்டில் அந்த அறுபதும் இம்மி பிசகாமல் கிடைத்துவந்தது என்பதும் நினைவிருக்கட்டும். கைக்கருவியிலோ, வானத்தைப் பார்த்தால் 48, குதிரை புழுதி கிளப்பிக்கொண்டு பாய்ந்து வந்தால் 36, மரக்கூட்டத்தின் பக்கம் திரும்பினால் இடையில் ஏதோ ஒரு தொகை என்று, திரையின் மூலையில் நான் போட்டுவைத்திருந்த கணக்கு ஓயாமல் ஏறி இறங்கிற்று. வீரன் ஈட்டியை ஓங்கும் கணத்தை வீட்டில் கண் பார்த்தால் கை தானே உருண்டு தப்பும். இங்கே கை ஒருதரம் முந்திற்று, ஒருதரம் பிந்திற்று, இரண்டிலும் நான் செத்தேன். பக்கத்து இருக்கையில் தாத்தாவோடு வந்த பையன் ரொம்ப நேரம் எட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள், ஏன் இது இழுத்து இழுத்துப் போகுது?" என்றான். "சும்மா இருடா, அவரைத் தொந்தரவு பண்ணாதே" என்று தாத்தா அதட்டினார். ஆனால் பையன் சொன்னது வாஸ்தவம்.

இந்த இடத்தில்தான் இக்கருவியின் பிரதான விசேஷம் கைகொடுக்கிறது. வலப்பக்கத்தில் மூன்று புள்ளி போட்ட பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்தினால், ஆட்டத்தை நிறுத்தாமலே, விநாடிக்கு இத்தனை பிரேமுக்குமேல் போகாதே என்று கட்டளையிடுவதற்கு ஒரு பட்டியல் திறக்கும். செங்கற்பட்டு வருவதற்குள் அதை 40 என்று நிறுத்தி, நிழல், புல் முதலான அலங்காரங்களையும் ஒரு படி குறைத்தேன். உச்சத்தில் 48 தந்துகொண்டிருந்த கருவி இப்போது 40தான் தருகிறது. கணக்குப்படி இது நஷ்டம். ஆனால் இழுப்பு அநேகமாக மறைந்தது, வீரனின் ஈட்டி எதிர்பார்த்த கணத்தில் இறங்கிற்று, பையனும் அதற்குப்பின் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இதன் காரணம் சங்கீதம் கேட்பவர்களுக்கு எளிதில் விளங்கும். விளம்ப காலத்தில் பாடினாலும் காலப்பிரமாணம் தவறாத கச்சேரியில் நாம் தலையாட்டுகிறோம். துரிதத்தில் கிளம்பி நடுவில் தள்ளாடுகிற கச்சேரியில் நெளிகிறோம். கண்ணும் கையும் பழகிக்கொள்வது தாளத்துக்குத்தான்.

அது ஏன் 40 என்று கேட்கலாம். 30க்கும் 60க்கும் நடு 45 அல்லவா என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். ஆனால் நமக்குப் புலனாவது ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவேயுள்ள காத்திருப்பு. அது 30இல் 33.3 மில்லிவிநாடி, 60இல் 16.7, இவ்விரண்டுக்கும் சரிபாதியான 25 மில்லிவிநாடி, சாட்சாத் 40 பிரேமில் அமைகிறது. முப்பதிலிருந்து பத்தே பிரேம் ஏறினால் அறுபதின் சுகத்தில் பாதி கிட்டிவிடுகிறது. இந்தக் கருவியின் திரை 90 ஹெர்ட்ஸ் வரை, அதாவது விநாடிக்கு 90 தடவை வரை, ஓடக்கூடியதாகையால், நாம் 40 என்று கட்டியவுடன் அது தன்னை 80க்கு மாற்றிக்கொண்டு ஒவ்வொரு படத்தையும் கச்சிதமாக இரண்டு தடவை காட்டுகிறது. வழக்கமான 60 ஹெர்ட்ஸ் திரையில் 40 சரியாக வகுபடாமல், ஒரு படம் ஒரு தடவையும் அடுத்தது இரண்டு தடவையுமாக நொண்டும். சினிமா 24 பிரேமில் ஓடுகிறதே, அதைக் கண்டு யார் முகம் சுளித்தார்கள் என்று வாதிப்பவர்களும் உண்டு. சினிமாவில் காமிரா ஒவ்வொரு பிரேமிலும் அசைவின் மங்கலையும் சேர்த்துப் பிடிப்பதால் படங்கள் ஒன்றோடொன்று இழைகின்றன. அதற்கும் மேலாக, சினிமா பார்ப்பவன் பொத்தான் அழுத்துவதில்லை.

மறுபடி ரயிலுக்கு வருவோம். கருவியின் பேட்டரி 50 வாட்-மணி கொள்ளளவு உடையது. சில்லுக்கு மாத்திரம் 15 வாட் வரை செலவாகும். திரை, விசிறி முதலியவற்றையும் கூட்டினால் எல்டன் ரிங் போன்ற பாரமான ஆட்டத்துக்கு 20 வாட்டுக்கு மேலேயே போய்விடுகிறது. 40 என்று கட்டியதால் இதில் மிச்சமானது சொற்பம். ஏனெனில் அந்த நாற்பதைத் தருவதற்கே கருவி முழு மூச்சோடு உழைக்கவேண்டியிருந்தது. கம்பெனி சொல்வது 3 முதல் 12 மணி நேரம். எனக்குக் கிடைத்தது சுமார் இரண்டு. விழுப்புரம் ஸ்டேஷனில் தேநீர்க்காரர் ஏறியபோது திரை கருத்துப்போயிற்று. சார்ஜரோ, மேலே பரணில், நாலு பேருடைய பெட்டிகளுக்கு அடியில் அகப்பட்டுக்கொண்ட என் பெட்டிக்குள். மதுரை வரையில் மிச்சப் பிரயாணம் ஜன்னலோடு கழிந்தது. அது துக்கம் என்று சொல்லமாட்டேன்.

திரும்பி வரும்போது புத்தி வந்து, ஹேட்ஸ் என்ற இலகுவான ஆட்டத்தை எடுத்துக்கொண்டேன். கையால் தீட்டிய சித்திரம்போன்ற அந்த ஆட்டம் இதில் 90 பிரேமும் தரவல்லது. நான் 60இல் கட்டினேன். செலவு பத்து வாட்டை ஒட்டியே நின்றது. மதுரையில் தொடங்கியது திண்டுக்கல், திருச்சி எல்லாம் தாண்டி, ஐந்து மணி நேரத்துக்குப் பின் மறுபடியும் அதே விழுப்புரத்துக்கு அருகில்தான் ஓய்ந்தது. ஆகையால், கையடக்கமா வேகமா என்ற தகராறு எல்லா ஆட்டங்களுக்கும் பொதுவானது என்று எண்ணுவது பிரமை. அது பாரமான ஆட்டங்களுக்கு மாத்திரமே உரிய தகராறு.

ஆட்டங்களில் இன்னொரு ஜாதி உண்டு. அதில் நான் கைக்கருவியின் கட்சியை அறவே விட்டுவிடுகிறேன். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 போன்ற நேருக்கு நேர் சண்டை ஆட்டங்களில் ஒவ்வொரு குத்தும் பிரேம் கணக்கிலேயே அளக்கப்படுகிறது. நாலாவது பிரேமில் மேலே விழும் சிறுகுத்து என்றால், அது விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு. அங்கே 60 என்பது அலங்காரமல்ல, ஆட்டத்தின் இலக்கணம். வலோரன்ட், ஃபோர்ட்நைட் போன்ற துப்பாக்கிச் சண்டைகளுக்கு 144 பிரேம் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள் கவலையே படவேண்டாம். அவ்விரண்டும் ஸ்டீம் டெக்கின் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடுவதே இல்லை.

கையடக்கத்துக்காகக் காட்சியை விட்டுக்கொடுக்கும் இந்தப் பேரம் நேற்று முளைத்ததல்ல. 1989இல் நின்டெண்டோவின் கேம் பாய், நிறமில்லாத மங்கல் திரையோடும் நாலு சின்ன பேட்டரியோடும் வந்தது. அடுத்த வருஷமே சேகாவின் கேம் கியர், வண்ணத் திரையோடு வந்து, ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தது. உலகம் கொண்டாடியது முன்னதைத்தான். 2025 ஜூனில் அதே நின்டெண்டோ வெளியிட்ட ஸ்விட்ச் 2இலும் சைபர்பங்க் 2077ஐ ஆடுபவனிடம், 30 பிரேமில் தெளிவா, 40 பிரேமில் ஓட்டமா என்று கேட்கிறார்கள். மறுபடியும் 40! எனக்குச் சற்றுக் கர்வமாகவே இருந்தது.

குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 640 கிராம் எடை அரைமணி கழிந்ததும் மணிக்கட்டில் தெரியும். முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றிக்கொள்ளாமல் ஆடுவது சிரமம். மேஜைக் கணினியிலிருந்து நேரே இதற்கு வந்தால் முதல் பத்து நிமிஷம் எல்லாம் சேற்றில் நடப்பதுபோல் இருக்கும், அதற்குப்பின் மறந்துவிடும்.

என் தீர்ப்பு இது: வாரத்தில் ஐந்து நாள் வீட்டில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஆடுபவருக்கு இந்தக் கருவி வேண்டாம், அதற்குக் கொடுக்கும் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடட்டும். ரயிலிலும் மாமியார் வீட்டிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும்தான் ஓய்வு கிடைக்கிறது என்பவர் தயங்காமல் வாங்கலாம். வாங்கினால் முதல் காரியமாக அந்த மூன்று புள்ளிப் பொத்தானை அழுத்தி, பாரமான ஆட்டத்துக்கு 40 என்று கட்டிவிடுங்கள். சார்ஜரை மட்டும் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.