இழப்பீடும் உண்மையும்

1993இல் கடலூர் வட்டாரத்தில், காவலர் பிடித்துச் சென்ற குறவர் ஒருவர் மாண்ட வழக்கைத் தழுவியது, த. செ. ஞானவேல் இயக்கிய 'ஜெய் பீம்' (2021). வழக்கறிஞரின் வாதத்திறனையே பலரும் போற்றுவர். ஆசிரியனாகிய என் உள்ளத்தில் நிலைத்தது, வழக்கைக் கைவிடத் தரும் பணத்தைச் செங்கேணி மறுக்கும் காட்சியே. கண்ணகியும் பொன் வேண்டினாள் அல்லள், நீதியே வேண்டினாள். குறவரை இருளராக மாற்றியதோ குறையே. மாண்டவர் இன்னார் என்பதும் உண்மையின் பகுதியன்றோ?

சிங்கப்பூர் வாசகர்க்கும் இதில் படிப்பினை உண்டு. 2010இல் சாங்கிச் சிறையில் அதிகாரிகள் அடக்கியபோது, தமிழ் இளைஞர் ஒருவர் மூச்சுத் திணறி மாண்டார். 2013இல் அதிகாரி ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருக்கு 10,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. மரண விசாரணை அத்துடன் கைவிடப்பட்டது. அரசு பொறுப்பேற்றதும் மெய்யே. ஆயினும் காவலில் நடந்தது முழுவதும் மன்றில் வெளிப்படல் வேண்டும். இழப்பீடு அதன்பின் வருவதே முறை.