பல்லை மாற்றவா, ஆக்சிலையே மாற்றவா? நாங்குநேரியில் இரண்டு பழைய ஜீப்புகள்

நாங்குநேரியிலிருந்து கிளம்பும் ஜீப்புக்கு மூன்று விதமான தரையும் பக்கத்திலேயே கிடைக்கும். ஊரை ஒட்டித் தேசிய நெடுஞ்சாலை 44 ஓடுகிறது. மேற்கே ஏர்வாடி, திருக்குறுங்குடி பக்கம் போனால் மலையடிவாரக் கற்பாதை. கிழக்கே திசையன்விளைப் பக்கம் இறங்கினால் கால் புதையும் செந்தேரி மணல். பழைய மகிந்திரா ஜீப்பை வைத்துக்கொண்டு இந்த மூன்றிலும் ஓட்ட நினைப்பவர்கள் சீக்கிரமே ஒரு கேள்விக்கு வந்து சேர்வார்கள். சாலையில் எஞ்சின் கதறுகிறது, வேகம் வரவில்லை. பல்லை, அதாவது கிரவுன் பினியனை மட்டும் மாற்றினால் போதுமா, இல்லை ஹவுசிங்கோடு ஆக்சிலையே மாற்றிவிடலாமா?

இரண்டு வழிகளிலும் போன இரண்டு ஜீப்புகளை இங்கே ஓட்டிப் பார்த்தேன். இரண்டும் சிஜே-3பி வழி வந்த குட்டை ஜீப்புகள். இரண்டிலும் டீசல் எஞ்சின், பழைய மூன்று கியர் பெட்டி. முதல் ஜீப்பில் ஹவுசிங் பழையதுதான். முன்னும் பின்னும் கிரவுன் பினியன் மட்டும் 5.38 விகிதத்திலிருந்து 4.27-க்கு மாறியிருக்கிறது. டயர் 28 அங்குல உயரம். இரண்டாவது ஜீப்பில் இரண்டு ஆக்சிலும் பிற்காலத்து ஃபோர் வீல் வண்டி ஒன்றிலிருந்து வந்தவை. விகிதம் 4.88, டயர் 31 அங்குலம்.

5.38 வந்த கதை

இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் ஆக்சில் விகிதம் 4.88. போர் முடிந்ததும் அதே ஜீப்பை விவசாயிகளுக்கு விற்க 1945-ல் சிஜே-2ஏ வந்தபோது விகிதத்தை 5.38 ஆக்கினார்கள். கலப்பை இழுக்க வேண்டும், மெதுவாக நகர வேண்டும், வேகம் பெரிதாகத் தேவையில்லை. சிஜே-3பி அதையே தொடர்ந்தது. 1947-ல் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டித் தரத் தொடங்கிய மகிந்திரா, பின்னர் இந்த 3பி வடிவத்தைப் பல பத்தாண்டுகள் இங்கே தயாரித்தது. ஆக, நெடுஞ்சாலையில் கதறும் ஜீப்பிடம் பழுது எதுவும் இல்லை. வயலுக்கென்று செய்த விகிதத்தை நாம் நான்குவழிச் சாலையில் ஓட்டுகிறோம்.

முதலில் கணக்கு

பட்டறைக்குப் போகும் முன் ஒரு தாளை எடுங்கள். வேகத்தை (கி.மீ.) ஆக்சில் விகிதத்தால் பெருக்கி, 209-ஆல் பெருக்கி, டயர் உயரத்தால் (அங்குலம்) வகுத்தால், டாப் கியரில் எஞ்சின் ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்று சுற்றும் என்பது கிடைக்கும். டாப் கியர் நேர் கியராக, அதாவது 1-க்கு 1 ஆக உள்ள பெட்டிக்கு இது அப்படியே பொருந்தும். 28 அங்குல டயரில் 80 கி.மீ. வேகத்துக்கு:

5.38 என்றால் சுமார் 3,210 சுற்று
4.88 என்றால் சுமார் 2,915
4.27 என்றால் சுமார் 2,550
3.73 என்றால் சுமார் 2,230

பழைய டீசல் எஞ்சின் 3,000 சுற்றைத் தாண்டினால் சத்தமும் அதிர்வும் கூடி, டீசலும் கரையும். 4.27-ன் கவர்ச்சி இந்த வரிசையைப் பார்த்தாலே விளங்கிவிடும்.

டயரும் இந்தக் கணக்கில் ஒரு கியர்தான். 5.38 ஆக்சிலுக்கு 31 அங்குல டயர் போட்டால், 28 அங்குலத்தில் 4.86 விகிதம் போட்டதற்குச் சமம். பெரிய டயர் மாட்டிவிட்டு, "வண்டி இழுக்கவில்லை, சாலைக்கும் சரியில்லை" என்பவர்கள் தங்களுக்குத் தெரியாமலே விகிதத்தை ஒருமுறை மாற்றிவிட்டார்கள். அதற்கு மேல் 4.27-ம் போட்டால், அது 3.86 விகிதம்போல நடந்துகொள்ளும். அந்த வண்டி மலையடிவாரத்தில் திணறும்.

நெடுஞ்சாலையில்

முதல் ஜீப்பை நாங்குநேரியிலிருந்து தெற்கே வள்ளியூர், பணகுடி வழியே ஓட்டினேன். மாற்றம் முதல் கிலோமீட்டரிலேயே தெரிகிறது. 70-க்கு மேல் காது வலிக்கும் வண்டி, 80-ல் அமைதியாக ஓடுகிறது. பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிகிறது. ஆனால் வேகமானியை நம்பக் கூடாது. இந்த ஜீப்புகளில் அதன் கேபிள் ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருவதால், ஆக்சிலில் பல் மாறியது அதற்குத் தெரியாது. முள் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 75-ஐத் தொட்டிருக்கும். விகிதம் மாற்றியவர்கள் வேகமானியையும் சரிசெய்தே ஆக வேண்டும். இது உயிர் சம்பந்தப்பட்டது. பழைய டிரம் பிரேக் 75-க்குத் தனியாகத் தயாராக வேண்டும்.

அடுத்த சோதனை காற்று. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே இறங்கும் மேல்காற்று பணகுடி, காவல்கிணறு வெளியில் வண்டியைப் பிடித்துத் தள்ளும். அங்கே காற்றாலைகள் அடர்ந்து நிற்பது அதனால்தான். தட்டையான முகமுள்ள ஜீப்புக்கு அது தொடர்ந்து மேடு ஏறுவதற்குச் சமம். 4.27-ல் மூன்றாவது கியரில் 60-க்கு இறங்கினால் எஞ்சின் 1,900 சுற்றுக்கு வந்து மூச்சு வாங்குகிறது. இரண்டாவதுக்கு இறக்கினால் 3,000-ஐ நெருங்கிக் கத்துகிறது. நடுவில் கியர் இல்லை. 3.73 போட்டிருந்தால் 60-ல் 1,670 சுற்றுதான். இந்தக் காற்றில் அது நிற்காது.

இரண்டாவது ஜீப்பும் இதே சாலையில் கிட்டத்தட்ட இப்படியே ஓடுகிறது. 31 அங்குல டயரும் 4.88-ம் சேர்ந்தால் 80 கி.மீ. வேகத்தில் 2,630 சுற்று. முதல் ஜீப்போடு ஒப்பிட்டால் வித்தியாசம் நூறு சுற்றுக்கும் குறைவு. அகலம் கூடியதால் வளைவில் நிதானம் கூடியிருக்கிறது. பெரிய டிரம்மால் பிரேக் நம்பிக்கை தருகிறது. எஞ்சினைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வண்டிதான்.

கல்லிலும் மணலிலும்

திருக்குறுங்குடியிலிருந்து திருமலை நம்பி கோயிலுக்குப் போகும் பாதை களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் ஏறுகிறது. வனத்துறைச் சோதனைச் சாவடியைக் கடந்துதான் போக வேண்டும். அது வண்டியைச் சோதிக்கும் இடம் அல்ல. பக்தர்களை ஏற்றிப் போகும் ஜீப்பில் ஒருவனாக உட்கார்ந்து, டிரைவர் அண்ணாச்சியின் கையையும் காலையும் பார்த்துக்கொண்டே போனேன். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் விகிதத்தின் அருமை தெரிந்தது. ஆள் நிறைந்த வண்டி, உருளும் கல், செங்குத்தான இறக்கம். அவர் பிரேக்கை மிதிக்கவே இல்லை. ட்ரான்ஸ்ஃபர் கேஸின் லோவில் முதல் கியர் வண்டியைப் பிடித்து வைத்திருந்தது. இந்த வேலைக்கு 5.38-ஐத் தொடவே கூடாது.

கணக்கும் இதைத்தான் சொல்கிறது. முதல் கியர் சுமார் 2.8, லோ சுமார் 2.46, ஆக்சில் 5.38, மூன்றையும் பெருக்கினால் 37. எஞ்சின் 700 சுற்றில் சும்மா ஓடும்போது வண்டி மணிக்கு 2.5 கி.மீ. வேகத்தில் நகரும். 4.27-ல் அந்தப் பெருக்கல் 29-க்கு இறங்கி, வேகம் 3.2 கி.மீ. ஆகிறது. இரண்டாவது ஜீப்பில் 34. பெரிய டயரால் வேகம் 3.1 கி.மீ. அதாவது இரண்டும் மறுபடி ஒன்றுதான். புதிய மாருதி ஜிம்னியின் மேனுவல் வண்டியில் இதே பெருக்கல் சுமார் 36. எழுபது ஆண்டு இடைவெளியிலும் கல்லில் நகரத் தேவையான எண் மாறவில்லை. ஜிம்னி அந்த எண்ணை விடாமலே நெடுஞ்சாலைக்கும் ஈடுகொடுப்பது ஐந்து கியர் இருப்பதால்.

அடிவாரத்தில் தனியார் தோட்டத்துக் கற்பாதையில் இரண்டையும் ஏற்றினேன். முதல் ஜீப்புக்கு கிளட்சை அங்கங்கே தொட வேண்டியிருந்தது. இரண்டாவது, ஒன்றரை அங்குலம் உயர்ந்த ஹவுசிங்கால் முதல் ஜீப் தட்டிய கல்லைத் தட்டாமல் தாண்டியது. திசையன்விளைப் பக்கத்துப் பனங்காட்டுச் செம்மணலிலும் அப்படியே. காற்றைக் குறைத்த 31 அங்குல டயர் மணல்மேல் மிதந்து போனது. முதல் ஜீப்புக்கு லோவில் இரண்டாவது கியரும் ஓடிவரும் வேகமும் தேவைப்பட்டன, நின்றால் புதைந்தது.

இந்த ஒப்பீட்டில் எனக்குத் தெளிவானது ஒன்றுதான். ஆக்சில் மாற்றியவர் வாங்கியது வேறு விகிதத்தை அல்ல. உயரத்தை, அகலத்தை, பலத்தை. சுற்று எண்ணிக்கைதான் குறை என்றால் அதற்குப் பல் போதும்.

பல் மாற்றும் வேலை

5.38 என்பது பினியனில் 8 பல், கிரவுனில் 43 பல். 4.27 என்பது 11-க்கு 47. பினியன் பருத்திருப்பதால் பல்லும் உறுதியாகிறது. ஆக்சில் ஷாப்டுக்குப் போகும் முறுக்கு விசையும் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அதனால் 4.27 பழைய ஷாப்டுக்கும் நன்மைதான்.

பின்பக்கம் டானா 44 வகை ஆக்சில் என்றால், கிரவுனைத் தாங்கும் கேரியர் இரண்டு வகை: 3.73-ம் அதற்குக் கீழும் ஒன்று, 3.92-ம் அதற்கு மேலும் இன்னொன்று. 5.38-லிருந்து 4.88-க்கோ 4.27-க்கோ போகும்போது இருக்கும் கேரியரே பொருந்தும். 3.73-க்குப் போனால் கேரியரும் மாற வேண்டும். செலவு அங்கேதான் எகிறும்.

முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருக்க வேண்டும். பின்பக்கம் மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீலில் போட்டால், இறுகிய தரையில் இரண்டு ஆக்சிலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, ட்ரான்ஸ்ஃபர் கேஸையோ ஜாயிண்ட் கிராஸையோ உடைத்துவிடும்.

வேலையின் தரம் சிம்மில், அதாவது இடையில் வைக்கும் மெல்லிய தகட்டில் இருக்கிறது. பினியன் எவ்வளவு உள்ளே உட்கார வேண்டும், கிரவுனுக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி, பேரிங்கில் எவ்வளவு இறுக்கம் என்பதையெல்லாம் சிம் வைத்துத்தான் நிர்ணயிக்க வேண்டும். அந்த இடைவெளி (பேக்லாஷ்) 0.15-லிருந்து 0.25 மி.மீ.க்குள் இருப்பது நல்லது. பல்லில் சாயம் தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்க்கும் மேஸ்திரியிடம்தான் இந்த வேலையைக் கொடுக்க வேண்டும். டயல் கேஜ் இல்லாத பட்டறையில் கொடுத்தால் சில மாதங்களில் ஊளைச் சத்தம் கேட்கும்.

பூட்டிய பிறகு 80டபிள்யூ-90, ஜி.எல்.-5 எண்ணெய் ஊற்றி, முதல் ஓட்டத்தை அரைமணி நேரத்தோடு நிறுத்தி, ஹவுசிங் நன்றாக ஆறும்வரை விடுங்கள். சுமையோ இழுவையோ ஆரம்பத்தில் வேண்டாம். 800 கி.மீ. ஓடியதும் எண்ணெயை மாற்றிவிடுங்கள்.

ஆக்சிலையே மாற்ற வேண்டிய இடம்

பழைய பின் ஆக்சிலில் ஷாப்ட் முனை கூம்பாக இருக்கும். ஹப்பை ஒரு சாவியும் நட்டும் பிடித்திருக்கும். நட்டு தளர்ந்தால் சாவி அறுந்து, ஹப் ஷாப்டைத் தின்னும். பெரிய டயர், முழுச்சுமை, கல் மேடு மூன்றும் சேர்ந்தால் இது திரும்பத் திரும்ப நடக்கும். ஹவுசிங் வளைந்து டயர் ஒருபுறமாகத் தேய்வது, ஸ்பிரிங் பட்டை உட்காரும் இடத்தில் வெல்டிங் விரிவது, எத்தனை சீல் போட்டாலும் பிரேக் டிரம்முக்குள் எண்ணெய் கசிவது ஆகியவை கண்டால் புதுப்பல்லுக்குச் செலவழிப்பது வீண்.

மாற்று ஆக்சில் வாங்கும் முன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். பழைய ஜீப்பின் பின் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லை, ஒருபுறம் தள்ளியிருக்கும். ட்ரான்ஸ்ஃபர் கேஸின் வெளியீடு அந்தப் பக்கம் வருவதே காரணம். பிற்கால ஆக்சில்களில் பலவற்றில் அது நடுவில் இருக்கும். அதை மாட்டினால் புரொப்பல்லர் ஷாப்ட் கோணலாக ஓடி ஜாயிண்ட்டைத் தின்றுவிடும். பட்டை இருக்கை, பினியன் கோணம், பிரேக் குழாய், வீல் போல்ட்டின் இடைவெளி எல்லாம் அதற்குப் பிறகு. நான் ஓட்டிய இரண்டாவது ஜீப்பின் உரிமையாளர் டிஃபரன்ஷியல் ஒரே பக்கம் வரும் ஆக்சிலாகத் தேடி வாங்கியதால்தான் அவர் வண்டி அதிராமல் ஓடுகிறது.

சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. கனமான ஆக்சிலும் பெரிய டயரும் எடையையும் அகலத்தையும் மாற்றும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸும் கைவிடலாம்.

தீர்ப்பு

மலைக்கோயில் சவாரியும் தோட்ட வேலையும்தான் என்றால், 5.38 அப்படியே இருக்கட்டும். பேரிங், சீல், ஹப் நட்டு ஆகியவற்றை மட்டும் நன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

28 அங்குல டயரோடு திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் அடிக்கடி ஓடி, எப்போதாவது கற்பாதை ஏறுபவர்களுக்கு 4.27 பல் மாற்றம் சரியான தேர்வு. பாதிக்குப் பாதி என்றால் 4.88, காற்று அடிக்கும் இந்தத் திசையில் அதுவே நிதானம். 3.73-ஐ இந்த எஞ்சினுக்கும் இந்த மூன்று கியர் பெட்டிக்கும் நான் சொல்லமாட்டேன்.

லோவையும் இழக்கக் கூடாது, சாலையிலும் கதறக் கூடாது என்பவர்கள் ஆக்சிலைத் தொடாமல் ஐந்து கியர் பெட்டியை யோசியுங்கள். ஐந்தாவது 0.85 என்று வைத்தால், 5.38-லேயே 80-ல் 2,730 சுற்றுதான்.

31 அங்குல டயர், தேரி மணல், தொடர்ந்து முறியும் ஷாப்ட் என்று வந்துவிட்டால் தயங்காமல் ஆக்சிலை மாற்றுங்கள். அப்போதும் விகிதத்தைக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த பிறகே ஆக்சிலைத் தேடுங்கள். குறை எண்ணில் இருந்தால் பல்லை மாற்றுங்கள். இரும்பில் இருந்தால் ஆக்சிலை மாற்றுங்கள். எது என்று தெரியாதவரை பர்ஸைத் திறக்காதீர்கள்.