ஒரே சுவரில் பணிக்கரும் சுவாமிநாதனும்

வேறுவேறு இயக்கங்களைச் சேர்ந்த ஓவியர்களை ஒரே கூடத்தில் மாட்டும்போது நாம் செய்கிற முதல் காரியம், படத்தை விட்டுவிட்டு அருகிலுள்ள அட்டையைப் படிப்பது. சென்னை இயக்கம், பம்பாய் முற்போக்குக் குழு, குரூப் 1890 என்று பெயர் கிடைத்ததும் கண்ணுக்கு வேலை போய்விடுகிறது. புதுடில்லி தேசிய நவீன கலைக்கூடத்தின் சேகரிப்பில் கே. சி. எஸ். பணிக்கரும் ஜெ. சுவாமிநாதனும் இருக்கிறார்கள். 'இந்தியத்தன்மை' என்ற ஒரே சொல்லால் இருவரையும் கட்டிவிடுவது விமர்சகர்களுக்குச் சௌகரியமாக இருக்கிறது.

இதற்கு முகாந்திரம் உண்டு. 1963 அக்டோபரில் டில்லியில் குரூப் 1890இன் 12 பேர் கண்காட்சி வைத்தார்கள். நேரு திறந்துவைத்தார், ஒக்டாவியோ பாஸ் கையேட்டுக்கு எழுதினார். ரவிவர்மாவின் இயற்கைவாதம், வங்காளப் பாணியின் கனவு, ஐரோப்பிய நவீனத்தின் கலப்படம் மூன்றையும் அவர்கள் அறிக்கை நிராகரித்தது. அதே 1963இல்தான் சென்னையில் பணிக்கர் 'வார்த்தைகளும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கினார். மறுப்பு ஒன்றுதான். ஆனால் மறுத்தபின் இருவரும் போய்ச் சேர்ந்த இடங்கள் ஒன்றல்ல.

பணிக்கரின் படத்தில் ஜாதகக் கட்டம், கணக்குக் குறி, எழுத்துபோல் ஓடும் வரிகள். கண் தன் பழக்கத்தில் வாசிக்கத் தொடங்குகிறது. ஒரு வார்த்தையும் தேறவில்லை. அந்தத் தோல்விக்குப் பிறகுதான் பார்ப்பது தொடங்குகிறது. ஓலையையும் ஜாதகத்தையும் வீட்டில் பார்த்து வளர்ந்தவனுக்கே இந்தத் தோல்வி முழுசாகக் கிடைக்கும். மற்றவனுக்கு அது வெறும் அலங்காரம். சுவாமிநாதனிடம் வாசிக்கவே ஒன்றுமில்லை. தட்டையான வர்ணவெளியில் எடையற்று மிதக்கும் மலை, ஒரு பறவை, ஒரு மரம். பணிக்கர் பேச்சை நிறைத்து அர்த்தத்தை அடைக்கிறார். இவர் பேச்சையே எடுத்துவிடுகிறார். ஒன்று நெரிசல், மற்றது மௌனம். இரண்டுக்கும் ஒரே பெயர் எப்படிப் பொருந்தும்?

குரூப் 1890இல் சென்னையிலிருந்து வந்த ரெட்டப்ப நாயுடுவும் இருந்தார் என்பதை நினைத்துக்கொண்டால் அட்டைகளின் குழப்பம் இன்னும் தெளிவாகும். ஜெராம் படேல் நெருப்பால் மரத்தைக் கருக்கிக்கொண்டிருந்த குழுவில், கோட்டை நம்பிய நாயுடு எந்த இயக்கம்?

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற இடத்துக்குப் போனால் இது எளிதாக விளங்கும். மண் குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச, மண் ஓடாகப் படிகிறது. மீதியைக் கவிழ்த்தால் வெளியே பிள்ளையார், உள்ளே வெற்றிடம். வார்க்க வார்க்க அச்சு தேய்கிறது. தும்பிக்கையின் மடிப்பும் விரல்நுனியும் முதலில் மழுங்கும். தேய்ந்த அச்சை எப்போது தூக்கிப் போடவேண்டும் என்பது அந்தத் தொழிலாளிக்குத் தெரியும். விமர்சகனுக்குத்தான் தெரிவதில்லை.

ஓவியனும் தப்புவதில்லை. பணிக்கரின் வாசிக்கமுடியாத எழுத்து, பின்னால் வந்த பலரிடம் சேலைக் கரை ஆகிவிட்டது. சுவாமிநாதனின் பறவையும் சில படங்களில் முத்திரையாகச் சுருங்குகிறது. ஆனால் அவர் அதை உடைத்தார். 1982இல் போபால் பாரத் பவனில் ஆதிவாசிக் கலையையும் நகரத்துக் கலையையும் ஒரே கூரையின்கீழ் வைத்தவர், கடைசி வருஷங்களில் பறவையையும் மலையையும் விட்டு, கரடுமுரடான மண்வர்ணப் பரப்புக்குப் போனார். 1994இல் இறக்கும்போது அவர் கையில் பழைய அச்சு இல்லை.

இது ஓவியர்களைப் பற்றிய விஷயம் மட்டுமல்ல. நம் கவிதையிலும் 'தொன்மம்', 'மண்' என்று இரண்டு அச்சுகள் புழங்குகின்றன. வார்த்தெடுத்ததைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்க்கிறவர்கள் குறைவு. ஒரே சுவரில் மாட்டுவது, ஒன்றைப் போலத்தான் மற்றதும் என்று காட்டுவதற்கல்ல. எது எங்கே மழுங்கியிருக்கிறது என்று பக்கத்துப் படம் காட்டிக்கொடுக்கும் என்பதற்காக.