சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்: மணிமேகலையும் பெங்களூருச் சிறையும்

முன்னுரை

மணிமேகலையின் முப்பது காதைகளுள் பத்தொன்பதாவது ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’ ஆகும். நீண்ட சிறைத்தண்டனைக்கு மாற்றுத் தேடுவோர் தமிழிலிருந்து சான்று காட்ட முற்படும்போது முதலில் நினைவுக்கு வருவது இக்காதையே. எனினும், இதனைத் தனியே எடுத்துப் பாராட்டுவதோடு அமைந்துவிடின் காப்பியம் எழுப்பும் கடினமான வினா மறைந்துவிடும். இக்காதையைப் பின்வரும் சிறைசெய் காதையோடும் சிறைவிடு காதையோடும் இணைத்தும், சிறையொன்று பூங்காவாக மாற்றப்பட்ட பெங்களூரு நிகழ்வோடு ஒப்பிட்டும் நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்டடத்தின் மறுபிறப்பு

காயசண்டிகை வடிவில் சிறைக்கோட்டம் புகுந்த மணிமேகலை, அங்குப் பசியால் வாடியோர்க்கு அமுதசுரபியால் உணவளிக்கிறாள். ஒரு பாத்திரம் பலர் பசி தீர்ப்பதைக் கண்டு வியந்த காவலர் மன்னனுக்கு அறிவிக்கின்றனர். தன்னை அழைத்து வேண்டுவது யாதென வினவிய சோழன் மாவண்கிள்ளியிடம், சிறைக்கோட்டத்தை அறவோர் உறையும் கோட்டமாக ஆக்கித் தருமாறு அவள் வேண்டுகிறாள். மன்னனும் இசைகிறான். புத்தன் கோயில், அறவோர் பள்ளி, அட்டிற்சாலை, உண்போர் சாலை ஆகியன அங்கு அமைகின்றன. தீய பிறப்பில் உழன்றோர் நற்பிறப்பு எய்தியதற்கு இம்மாற்றத்தைச் சாத்தனார் ஒப்பிடுகிறார்.

இவ்வுவமையில் மறுபிறப்பு எய்துவது கட்டடம் என்பது கருதத்தக்கது. அங்கு அடைபட்டிருந்தோர் என்ன ஆயினர், அவர்தம் குற்றம் யாது, குற்றத்தால் துயருற்றோர்க்குக் கிட்டியது யாது என்பனவற்றைக் காப்பியம் விரித்துரைக்கவில்லை. பசி தீர்த்தல் முதலிலும் இடமாற்றம் பின்னரும் நிகழ்கின்றன. ஆனால் குற்றமும் தண்டனையும் தொடாமல் விடப்படுகின்றன.

இவ்விடைவெளியின் விளைவு இருபத்திரண்டாம் காதையில் வெளிப்படுகிறது. இளவரசன் உதயகுமரன் காஞ்சனனால் கொலையுண்டதும், சிறையை அறக்கோட்டமாக்கிய அதே மன்னன் மணிமேகலையைக் காவலில் வைக்க ஆணையிடுகிறான். கொன்றவன் அகன்றுவிடக் கொல்லாதவள் சிறைப்படுகிறாள். சிறையை நீக்குமாறு வேண்டியவளே சிறைப்படும் இம்முரண், கட்டடம் மாறினும் அரசின் தண்டிக்கும் முறை மாறவில்லை என்பதைக் காட்டுகிறது.

பெங்களூரு காட்டும் ஒப்புமை

பெங்களூரு நகரின் நடுவே இருந்த பழைய மத்தியச் சிறை, 1975-இல் நெருக்கடி நிலைக் காலத்தில் வாஜ்பாய், அத்வானி முதலிய தலைவர்கள் அடைக்கப்பட்ட இடமாகும். அது 2008-இல் ‘சுதந்திரப் பூங்கா’வாகத் திறக்கப்பட்டது. காவற்கோபுரம் நினைவுச்சின்னமாக நிற்க, சிறைவளாகம் மக்கள் கூடி அறப்போர் நிகழ்த்தும் களமாயிற்று. சிறைக்கோட்டம் அறக்கோட்டமானதற்கு இதனினும் பொருத்தமான தற்கால ஒப்புமை காண்பது அரிது. ஆயின் சிறைவாசிகள் விடுதலை பெறவில்லை. அவர்கள் நகரின் புறத்தே பரப்பன அக்ரகாரச் சிறைக்கு முன்னரே மாற்றப்பட்டிருந்தனர். இங்கும் மறுபிறப்பு எய்தியது கட்டடமே.

அதே 2008-ஆம் ஆண்டு ஜூலையில், பெங்களூருவில் நிகழ்ந்த ஒரு கொலை தொடர்பான சுவாமி சிரத்தானந்தா வழக்கில், மரணதண்டனைக்கு மாற்றாகத் தண்டனைக் குறைப்பற்ற வாழ்நாள் சிறையை உச்ச நீதிமன்றம் விதித்தது. இத்தகைய தண்டனையின் செல்லுபடியை 2015-இல் அரசியலமைப்பு அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பால் உறுதி செய்தது. தூக்கிற்கு மாற்று, முடிவற்ற சிறையாயிற்று. சிறைக்கு மாற்று யாது என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

அவ்வினாவிற்கு விடையின் ஒரு பகுதியும் பெங்களூருவிலிருந்தே எழுந்தது. பெங்களூரு மத்தியச் சிறைவாசி ஒருவர் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதமே இராமமூர்த்தி எதிர் கர்நாடக மாநிலம் என்னும் வழக்காயிற்று. 1996-இல் வழங்கப்பட்ட தீர்ப்பு, நெரிசல், விசாரணைத் தாமதம், நலக்கேடு, உணவுக் குறை உள்ளிட்ட ஒன்பது சிக்கல்களை வகுத்துரைத்தது. அவற்றுள் ஒன்பதாவது திறந்தவெளிச் சிறைகளின் மேலாண்மை பற்றியது. மணிமேகலை கண்ட பசி இத்தீர்ப்பிலும் இடம்பெறுவது கருதத்தக்கது.

குறளும் சட்டமும்

தண்டனையின் பயன் குறித்து வள்ளுவர் தெளிவாகவே கூறியுள்ளார். ‘வெருவந்த செய்யாமை’ அதிகாரத்தின் முதற்குறள் (561), குற்றத்தை நாடி, அது மீண்டும் நிகழாவண்ணம் ஏற்ற அளவில் ஒறுத்தலை வேந்தனின் கடமையாக்குகிறது. அடுத்த குறள், ஓங்குதலில் கடுமையும் எறிதலில் மென்மையும் வேண்டும் என்கிறது. ஈண்டுத் தண்டனையை அளக்கும் கோல் காலநீட்சி அன்று, குற்றம் மீளாமையே. தண்டனையின் கொடுமையினும் அது தவறாது வரும் என்னும் உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என 1764-இல் இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா நிறுவ முற்பட்டதும் இதனோடு ஒப்பிடத்தக்கது.

இந்தியச் சட்டத்தில் இதற்கு இடமில்லாமல் இல்லை. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், தகுதியுடையோரைச் சிறைக்கு அனுப்பாது நன்னடத்தைப் பிணையில் விட வழிசெய்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா, சமூகப்பணியைத் தண்டனை வகைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறை திருடி அதனைத் திருப்பித் தருவோர்க்கு இது பொருந்தும். ஆயினும் இது சிறு குற்றங்கள் சிலவற்றிற்கே உரியது. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்தோருள் 75 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் தண்டனையே பெறாத விசாரணைக் கைதிகள் என்பதையும் நோக்கின், மாற்றுகள் சிறையின் வாயிலைக்கூட இன்னும் எட்டவில்லை எனலாம்.

சிறைவிடு காதையின் விடை

கொடிய குற்றத்திற்கு மாற்று உண்டா? இதற்குக் காப்பியம் தரும் விடை பத்தொன்பதாம் காதையில் இல்லை. இருபத்துமூன்றாம் காதையில் உள்ளது. மகனை இழந்த இராசமாதேவி, மணிமேகலையைச் சிறைநீக்குவது போல் தன்பால் கொணர்ந்து, பித்தேற்றும் மருந்தூட்டுகிறாள். அவள் நாணழிக்க ஒருவனை ஏவுகிறாள். புழுக்கறையில் உணவின்றி அடைக்கிறாள். அனைத்தும் பயனற்றுப்போக அஞ்சி நடுங்கியவள், மகனை இழந்த துயரால் செய்ததைப் பொறுக்க வேண்டுகிறாள். மணிமேகலை பழி தூற்றவில்லை. பழவினையை விளக்கி அறம் உரைக்கிறாள். தெளிந்த அரசி அவளை வணங்க, முற்பிறப்பில் தன் கணவனாயிருந்தவனின் தாய் என்பதால் அதனைத் தடுத்து மணிமேகலையும் அவளை வணங்குகிறாள். தீங்கிழைத்தவரும் தீங்குற்றவரும் நேர்நின்று, குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டு, உறவு மீளும் இக்காட்சி, இன்று ‘சீரமைப்பு நீதி’ எனப்படுவதற்கு நெருங்கியது.

இதனையும் குறையின்றி ஏற்றல் ஆகாது. கோப்பெருந்தேவி என்பதால் அரசியின் குற்றம் மன்றம் ஏறவில்லை. தீங்குற்றவள் மந்திர ஆற்றல் பெற்றிருந்தமையால் தப்பினாள். அவ்வாற்றல் இல்லாதார்க்குப் பொறுத்தலுக்கு முன்னரே காவல் வேண்டும்.

முடிவுரை

மணிமேகலை முன்வைப்பது சிறையை இடிக்கும் எளிய முழக்கம் அன்று. பத்தொன்பதாம் காதை பசியைத் தீர்க்கிறது. இருபத்திரண்டாம் காதை சிறை மீள்வதைக் காட்டுகிறது. இருபத்துமூன்றாம் காதை குற்றம் செய்தவர் மனத்தை மாற்றுகிறது. மூன்றையும் சேர்த்துப் படிக்கும்போதே காப்பியத்தின் கருத்து முழுமை பெறுகிறது. சுதந்திரப் பூங்காவில் நிற்கும் காவற்கோபுரம் முதற்பணியின் பாதி நிறைவுக்கே சான்றாகும். எஞ்சிய பணி பரப்பன அக்ரகாரத்தில் காத்திருக்கிறது.