எட்டு நாழி ஒரு குறுணி: வீட்டு ஃபைபர் பெட்டியுடன் ஒரு மாதம்

சென்ற மாதம் ஃபைபர் இணைப்புக் கொடுக்க வந்தவர்கள் எங்கள் கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டுப் போன வெள்ளைப் பெட்டியை, அதாவது ஓ.என்.டி. என்று அவர்கள் அழைக்கும் சாதனத்தை, ஒரு மாத காலம் பலவிதமாகப் பரீட்சித்துப் பார்த்த பிறகே இந்த விமர்சனத்தை எழுதத் துணிகிறேன். முதல் நாள் மாலையிலேயே எழுதியிருந்தால் இது வெறும் வசையாக முடிந்திருக்கும்.

பெட்டியின் அமைப்பில் குறை சொல்ல அதிகமில்லை. பச்சைத் தலை கொண்ட மெல்லிய ஃபைபர் ஒன்று அடியில் வந்து செருகிக்கொள்கிறது; அந்த ஒரே இழையில் நமக்கு வரும் தகவல் 1490 நானோமீட்டர் ஒளியிலும், நம்மிடமிருந்து போகும் தகவல் 1310 நானோமீட்டர் ஒளியிலும் ஒன்றோடொன்று மோதாமல் சஞ்சரிக்கின்றன. முன்புறத்தில் 'பான்' விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்து, 'எல்.ஓ.எஸ்.' விளக்கு அணைந்திருந்தால் ஒளி க்ஷேமமாக வந்து சேர்கிறது என்று பொருள். பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது வரும் ஒளியின் பலம் -19 டி.பி.எம். என்றிருந்தது, -8க்கும் -27க்கும் இடைப்பட்டிருந்தால் போதுமாகையால், அந்த வகையிலும் திருப்தியே.

சங்கடம் கணக்கில்தான் ஆரம்பித்தது. நான் சந்தா கட்டியது '200 எம்.பி. ஸ்பீடு'க்கு. உறவினர் வீட்டுக் கல்யாண வீடியோ, 450 கோடி பைட் கொண்டது, இணையத்திலிருந்து 22 விநாடியில் இறங்கிவிடும் என்று மனக்கணக்குப் போட்டு உட்கார்ந்தவனுக்கு ஆறு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. கம்ப்யூட்டர் திரையிலோ விநாடிக்கு 11.3 எம்.பி. என்ற எண் அசையாமல் நின்றது. 200 எங்கே, 11 எங்கே?

கோபம் தணிந்து யோசித்தபோது, அந்தப் பேதத்தின் பெரும்பகுதி என் அறியாமையே என்று தெரிந்தது. ஃபைபர் உலகம் வேகத்தைப் பிட்டில் அளக்கிறது. நம் கம்ப்யூட்டர் கோப்பைப் பைட்டில் அளக்கிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆங்கிலத்தில் சின்ன 'பி' பிட்டையும் பெரிய 'பி' பைட்டையும் குறிக்கின்றன. எழுத்தில் சின்னது பெரியது என்ற பேதமே இல்லாத தமிழில் இரண்டும் 'எம்.பி.' என்றே ஆகிவிடுவதால், விளம்பரத்தைத் தமிழில் படிப்பவனுக்கு ஏமாற்றம் இரட்டிப்பாகிறது. எட்டு நாழி கொண்டது ஒரு குறுணி என்ற நம் பழைய வாய்பாட்டை நினைவு வைத்தால் போதும்: நாழியில் பேரம் பேசிக் குறுணியால் அளந்து வாங்குபவன், எண் குறைந்துவிட்டதென்று வியாபாரியோடு சண்டைக்குப் போவது நியாயமாகாது. ஆகவே 200 மெகாபிட் என்பது 25 மெகாபைட்.

அதிலும் இரண்டு கழிவுகள் உண்டு. கம்பியில் போகும் ஒவ்வொரு 1538 பைட்டிலும் விலாசம், சரிபார்ப்பு, இடைவெளி முதலியவற்றுக்காக 78 பைட் போய்விட, நம் சரக்காக வந்து சேர்வது 1460 பைட்தான். அதனால் 25 என்பது 23.7 ஆகிறது. அடுத்து, தொலைத்தொடர்புக்காரர்களுக்கு மெகா என்றால் பத்து லட்சம்; விண்டோஸுக்கோ 1024ஐ 1024ஆல் பெருக்கிய 10,48,576. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 1998இல் 'மெபிபைட்' என்று தனிப்பெயர் சூட்டினார்கள் என்றாலும், விண்டோஸ் இன்றும் பழைய பெயரையே எழுதுகிறது. அந்த அளவில் பார்த்தால் 22.6.

ஆக, எனக்கு நியாயமாக வரவேண்டியது 22.6, வந்தது 11.3. எட்டால் வகுத்தும், கழிவுகளைக் கழித்தும் சமாதானம் ஆகாத சரிபாதி அது. இணைப்புக் கொடுத்த தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"தெருவுல எல்லாருக்கும் ஷேர் ஆவுது சார், பாதிதான் வரும்," என்றார் அவர்.

அவர் சொன்னது முழுப் பொய்யன்று. ஜிபான் என்னும் இந்த ஏற்பாட்டில் ஓர் இழையில் இறங்குவது 2488.32 மெகாபிட், தொலைபேசிக் குரலை விநாடிக்கு 8000 தடவை அளந்த அந்தக் காலத்து வழக்கத்தின் வாரிசாக, விநாடிக்கு 8000 பொட்டலம், பொட்டலத்துக்கு 38,880 பைட் என்று அனுப்புவதால் வந்த விசித்திர எண் அது. அதை 32 வீடுகளுக்குப் பிரித்தால், எல்லோரும் ஒரே சமயத்தில் முழு வேகத்தில் இழுக்கும்போது தலைக்கு 77.76 மெகாபிட்தான் தேறும். ஆனால் பங்கு போடுவதால் வரும் குறைவு நேரத்துக்கு நேரம் மாற வேண்டும் அல்லவா? மாலை எட்டு மணிக்கும், ஊரே உறங்கும் இரவு இரண்டு மணிக்கும் சோதித்தேன்; இரண்டு வேளையும் அதே 11.3.

இப்படி அசையாமல் நிற்கும் எண்ணுக்குத் தடை தெருவில் இருக்க முடியாது என்று தோன்றவே, கணக்கைத் தலைகீழாகப் போட்டேன். 11.3ஐ விண்டோஸின் மெகாவிலிருந்து உண்மையான மெகாவுக்கும், பைட்டிலிருந்து பிட்டுக்கும் மாற்றினால் சுமார் 94.8 வருகிறது, 1538க்கு 1460 என்ற கழிவைத் திருப்பிச் சேர்த்தால் ஏறக்குறைய நூறு. ஆகவே வழியில் எங்கோ 100 மெகாபிட் வாசல் ஒன்று இருக்க வேண்டும். பெட்டியைக் கழற்றிப் பின்புறம் பார்த்தேன். ஒரே ஜாடையுள்ள இரண்டு லான் துவாரங்கள். பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில் ஒன்றின் கீழ் 'ஜி.இ.', மற்றதன் கீழ் 'எஃப்.இ.'. முன்னது 1000 மெகாபிட் வாசல், பின்னது 100. என் கம்ப்யூட்டரின் வயர் பின்னதில் செருகப்பட்டிருந்தது. மாற்றிச் செருகினேன், 22.6. கல்யாண வீடியோ மூன்று நிமிஷம் பத்து விநாடியில் இறங்கியது.

எனவே என் அபிப்பிராயம் இது: ஒளியைப் பொறுத்தவரை இது நல்ல பெட்டி, ஒரு மாதத்தில் ஒருமுறைகூட இணைப்பு அறுந்ததில்லை. ஆனால் இரண்டு வாசலையும் ஒரே நிறத்தில் வைத்து, பேதத்தைப் பொடியெழுத்தில் ஒளித்தது மன்னிக்கத்தக்க குற்றமன்று. 100க்கு மேல் சந்தா கட்டுபவர்கள், பெட்டி மாட்டும்போதே வயர் 'ஜி.இ.'யில் செருகப்படுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். எட்டால் வகுக்காமல் சண்டைக்குப் போயிருந்தால் நான் முட்டாளாயிருப்பேன். வகுத்ததோடு நின்று 'பாதிதான் வரும்' என்பதை ஒப்புக்கொண்டிருந்தால், இன்றைக்கும் இருநூறுக்குப் பணம் கட்டி நூறை அனுபவித்துக்கொண்டிருப்பேன்.